சின்ன வால்வ் கிட்டார் ஆம்புக்கு எந்த ரெக்டிஃபையர் டியூப் போடறது

5 வாட், 10 வாட், மிஞ்சிப்போனா 18 வாட், இந்த சைஸ்ல ஆம்ப் கட்டுறவங்க, இல்ல பழசு ஒண்ண வாங்கி சரி பண்றவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல கேக்குறது இதுதான்: ரெக்டிஃபையருக்கு 5ஒய்3 டியூப் போடலாமா ஜிஇசட்34 போடலாமா, எது டோன் நல்லா இருக்கும்? நானும் ஆரம்பத்துல இப்படித்தான் கேட்டுட்டு அலைஞ்சேன். கிட்டார் சிக்னல் ரெக்டிஃபையர் வழியா போறதே இல்ல, அது ஏசியை டிசியா மாத்துற வேலைய மட்டும் பாக்குது, ஆனா எத்தனை வோல்ட் டிசி வரணும், நீங்க ஓங்கி அடிச்சா அது எவ்ளோ இறங்கணும்னு முடிவு பண்றது அதுதான், அந்த வோல்டேஜ் மாறினா பவர் டியூப் நடந்துக்குற விதமே மாறிடும், அதத்தான் நாம டோன்னு காதுல கேக்குறோம். அதனால டோன கடைசியா வச்சிக்கலாம். நான் பாக்குற வரிசை இதுதான்: முதல்ல ஹீட்டர் வைண்டிங் (டியூப உள்ள சூடாக்குற கம்பிக்கு கரண்ட் தர்ற டிரான்ஸ்ஃபார்மர் சுருள்), அப்பறம் கரண்ட், அப்பறம் முதல் கண்டென்சர், அப்பறம் பி பிளஸ் வோல்டேஜ் (ரெக்டிஃபையர் மாத்தித் தர்ற அந்த டிசி), இதெல்லாம் தாண்டி ஏதாவது சாய்ஸ் மிச்சம் இருந்தா டோன். சின்ன ஆம்புல பெரும்பாலும் அதுவரைக்கும் வர்றப்பவே ஒரு டியூபோ ரெண்டு டியூபோதான் மிஞ்சி நிக்கும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இதுல சொல்ற வோல்டேஜ் எல்லாம் 300, 400 வோல்ட் டிசி, சுவிட்ச ஆஃப் பண்ணி பிளக்க புடுங்கினாலும் கண்டென்சருக்குள்ள உக்காந்திருக்கும். கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு 5 வாட் ரெசிஸ்டர், 1 கிலோ ஓம்ல இருந்து 10 கிலோ ஓம் வரைக்கும் ஏதாவது, இன்சுலேட் பண்ண கிளிப்போட வச்சு டிஸ்சார்ஜ் பண்ணிட்டு, மீட்டர்ல ஜீரோவ கண்ணால பாத்துட்டு அப்பறம் தொடுங்க. ஸ்க்ரூடிரைவர வச்சு பட்டுனு ஷார்ட் பண்றது வேணாம்.

சரி, ஹீட்டர். ஆக்டல் (8 பின்) பேஸ்ல வர்ற 5 வோல்ட் குடும்பம்னு ஒண்ணு இருக்கு, 9 பின், 7 பின்ல வர்ற 6.3 வோல்ட் குடும்பம்னு இன்னொண்ணு. 5 வோல்ட்ல 5ஒய்3ஜிடி 2 ஆம்ப் இழுக்கும், 5வி4 அதுவும் 2 ஆம்ப், ஜிஇசட்34 (அமெரிக்கப் பேர் 5ஏஆர்4) 1.9 ஆம்ப், 5யூ4 மட்டும் 3 ஆம்ப். 6.3 வோல்ட் பக்கம் ஈஇசட்81 1 ஆம்ப், ஈஇசட்80 0.6 ஆம்ப், 7 பின் 6எக்ஸ்4 அதுவும் 0.6 ஆம்ப். உங்க டிரான்ஸ்ஃபார்மர்ல 5 வோல்ட் வைண்டிங்கே இல்லன்னா பாதி கேள்வி அங்கயே முடிஞ்சிது. 5 வோல்ட் 2 ஆம்ப்னு எழுதியிருந்தா 5யூ4 கிடையாது, அவ்ளோதான், "கொஞ்ச நேரம் போட்டு பாப்போமே"ன்னு கூட கிடையாது. நான் போட்டு பாத்தேன். சாக்கெட்டுல அம்சமா உக்காந்துது, பின் கனெக்‌ஷனும் ஒண்ணுதான், ஆம்ப் நல்லாவே பாடுச்சு, அரை மணி நேரம் கழிச்சு டிரான்ஸ்ஃபார்மர் மேல கை வச்சா வைக்க முடியல, வார்னிஷ் தீயிற வாசனை, அதுக்கப்பறம் அந்த டிரான்ஸ்ஃபார்மர் எப்பவும் ஒரு உறுமலோடவே ஓடிச்சு. சாக்கெட்டுல பொருந்துறதும் சர்க்யூட்டுக்குப் பொருந்துறதும் வேற வேற.

இன்னொரு கணக்கையும் சேத்துக்கோங்க, சூடு. 5ஒய்3 ஹீட்டருக்கு மட்டும் 10 வாட் போகுது, 5யூ4க்கு 15 வாட், ஈஇசட்81க்கு 6.3, ஈஇசட்80க்கு 4 வாட்டுக்கும் கம்மி. வெளிய 5 வாட் சத்தம் தர்ற ஆம்புல ரெக்டிஃபையர சூடு பண்ணவே 10 வாட்னா கொஞ்சம் சிரிப்பாத்தான் இருக்கு. சின்ன பெட்டிக்குள்ள, கண்டென்சருக்குப் பக்கத்துல அத வைக்கப்போறீங்கன்னா இத யோசிங்க, சூட்டுல முதல்ல சாகுறது எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்தான்.

5 வோல்ட் வைண்டிங்க பத்தி ஒரு முக்கியமான விஷயம். இந்த டியூப்கள்ல ஃபிலமென்டோ ஹீட்டரோ கேத்தோடோட (எலக்ட்ரான் கிளம்பற பகுதி, அது போய்ச் சேர்றது பிளேட்) சேந்தே இருக்கும், அதாவது அந்த 5 வோல்ட் வைண்டிங் முழுசும் பி பிளஸ் மேல மிதந்துட்டு இருக்கும். அத கிரவுண்ட் பண்ணவே கூடாது, அதுல இருந்து பைலட் லாம்பு எடுக்கறது, வேற எதையாவது ஓட்டறது எல்லாம் வேணாம். 5ஒய்3ல ஃபிலமென்டே கேத்தோடு, டைரக்ட் ஹீட்டிங். ஜிஇசட்34ல கேத்தோடு தனியா இருக்கு, உள்ளுக்குள்ள 8ஆம் பின்னோட இணைச்சிருக்காங்க. அதனால பி பிளஸ்ஸ எப்பவும் 8ஆம் பின்ல இருந்தே எடுங்க. 5ஒய்3 இருந்த பழைய ஆம்புல சில பேர் 2ஆம் பின்ல இருந்து எடுத்து வச்சிருப்பாங்க, அதுக்கு அது பாட்டுக்கு ஓடும், அந்த சாக்கெட்டுல ஜிஇசட்34 சொருகினீங்கன்னா மொத்த டிசி கரண்டும் ஹீட்டர், அதோட வைண்டிங் வழியா சுத்திட்டு போகும். டியூப் மாத்துறதுக்கு முன்னாடி சாக்கெட்ட கவுத்து ஒரு தடவ பாத்துடுங்க, பிளேட் 4, 6, ஃபிலமென்ட் 2, 8.

6.3 வோல்ட் குடும்பத்துல கத வேற. ஈஇசட்80, ஈஇசட்81 ரெண்டுலயும் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவுல 500 வோல்ட் தாங்கற மாதிரி செஞ்சிருக்காங்க, அதனால மத்த டியூபோட ஹீட்டர் வைண்டிங்கையே இதுக்கும் பகிர்ந்துக்கலாம், தனி வைண்டிங் கட்டாயம் இல்ல, 1 ஆம்ப் கூடுதலா தாங்குமான்னு மட்டும் பாருங்க. பழைய ஆக்டல் 6எக்ஸ்5ல இதே வேலைய செஞ்சாங்க, அது உள்ள ஷார்ட் ஆகி டிரான்ஸ்ஃபார்மர தூக்கிட்டுப் போறதுக்கு பேர் போன டியூப், பழைய ரேடியோ ரிப்பேர் பண்றவங்கள கேட்டா பெருமூச்சு விடுவாங்க. புதுசா கட்டுற ஆம்புக்கு அத நான் எடுக்கமாட்டேன்.

இப்ப கரண்ட். உங்க ஆம்ப் மொத்தமா எத்தனை மில்லிஆம்ப் டிசி இழுக்குதுன்னு கூட்டிப் பாருங்க, பவர் டியூபோட (ஸ்பீக்கர ஓட்டுறது, ஈஎல்84, 6வி6 மாதிரி) பிளேட், ஸ்க்ரீன் (பிளேட்டுக்கு முன்னாடி இருக்கற கிரிட்), அப்பறம் பிரீ ஆம்ப் டியூப் (சிக்னல முதல்ல பெருசாக்குறது, 12ஏஎக்ஸ்7 மாதிரி). ஒத்த ஈஎல்84 250 வோல்ட்ல டேட்டாஷீட் (டியூப் செஞ்ச கம்பெனி தர்ற விவரத் தாள்) கணக்குப்படி பிளேட்டுக்கு 48, ஸ்க்ரீனுக்கு 5.5, ஒரு 12ஏஎக்ஸ்7க்கு 2, எல்லாம் சேத்து 56 மில்லிஆம்ப். 6எக்ஸ்4 70 மில்லிஆம்ப் வரைக்கும் தரும், போதும், ஆனா மூச்சு விட இடம் கம்மி. ஈஇசட்80 90 தரும், இதுக்கு அளவெடுத்து தெச்ச மாதிரி இருக்கும், வாக்ஸ் ஏசி4ல அதத்தான் போட்டாங்க. ரெண்டு ஈஎல்84 புஷ்புல்லா (ஒண்ணு தள்ள ஒண்ணு இழுக்க, ஜோடியா) 300 வோல்ட்ல ஓடினா முழு சத்தத்துல பிளேட்டுக்கு 92, ஸ்க்ரீனுக்கு 22, பிரீ ஆம்பையும் சேத்தா 120ஐ தொடும், அங்க ஈஇசட்80 பத்தாது, 150 மில்லிஆம்ப் தர்ற ஈஇசட்81தான். வாக்ஸ் ஏசி15லயும் மார்ஷல் 18 வாட்லயும் அது உக்காந்திருக்கறதுக்கு காரணம் இந்தக் கணக்குதான். ஒத்த 6வி6 போட்ட ஃபெண்டர் சாம்ப்ல 50 மில்லிஆம்ப் சுத்திதான் போகும், 5ஒய்3 125 வரைக்கும் தரும், தாராளம். ரெண்டு 6வி6 போட்ட ஃபெண்டர் ட்வீட் டீலக்ஸ்லயும் அதே 5ஒய்3தான், ஆனா அங்க அது கொஞ்சம் மூச்சு வாங்கிட்டே ஓடும், அந்த ஆம்ப் அப்படி குழையறதுல அதுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜிஇசட்34 250 மில்லிஆம்ப் தரும், 5 வாட் ஆம்புக்கு அது யானை.

முதல் கண்டென்சர்ங்கறது நெறைய பேர் கோட்டை விடற இடம். ரெக்டிஃபையருக்கு அடுத்து உடனே வர்ற கண்டென்சர் பெருசாக பெருசாக, அத நிரப்புற கரண்ட் சின்ன சின்ன கூரான அலையா வரும், சராசரி 50 மில்லிஆம்ப்னாலும் உச்சத்துல அதுக்கு பல மடங்கு போகும். சிலிக்கான் டயோடு கண்டுக்காது, டியூப் கண்டுக்கும். ஜிஇசட்34க்கு முல்லார்டு டேட்டாஷீட்ல 60 மைக்ரோஃபாரட் வரைக்கும் போலாம்னு இருக்கு, ஈஇசட்80, 81க்கு 50. 5ஒய்3க்கு டேட்டாஷீட் உதாரணம் எல்லாம் 10, 20னுதான் இருக்கும், பழைய சாம்ப்ல வெறும் 16தான். ஹம் (ஸ்பீக்கர்ல வர்ற ம்ம்ம்ங்கற இரைச்சல்) வருதேன்னு அங்க 47, 100னு தூக்கிப் போட்டு, அப்பறம் "டியூப் சரியில்ல, மாசம் ஒண்ணு போகுது"ன்னு சொல்றத கேட்டிருக்கேன், டியூப் மேல தப்பு இல்ல.

ஹம் கொறையணும்னா முதல் கண்டென்சர சின்னதாவே விட்டுட்டு, அதுக்கு அடுத்து ஒரு ரெசிஸ்டரோ சோக்கோ (கம்பிச் சுருள்) போட்டு, அதுக்கு அப்பறம் பெரிய கண்டென்சர் போடுங்க. அந்த ரெண்டாவத ரெக்டிஃபையர் பெருசா உணராது. ஒத்த டியூப் ஆம்புக்கு இது ரொம்பவே முக்கியம், ஏன்னா புஷ்புல்ல சப்ளைல இருக்கற ஹம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்ல ஒண்ணோட ஒண்ணு அடிபட்டுப் போயிடும், ஒத்த டியூப்ல அந்த வசதி கிடையாது, சப்ளைல இருக்கறது அப்படியே ஸ்பீக்கர்ல கேக்கும்.

இதோட ஒட்டுனது இன்னொண்ணு, டிரான்ஸ்ஃபார்மரோட ரெசிஸ்டன்ஸ். டேட்டாஷீட்ல ஒவ்வொரு பிளேட்டுக்கும் இவ்ளோ ஓம் குறைஞ்சபட்சம் இருக்கணும்னு போட்டிருக்கும், ஈஇசட்81க்கு 300-0-300 வோல்ட்ல (செகண்டரி நடுவுல சென்டர் டேப், ரெண்டு பக்கமும் 300) ஏறக்குறைய 200 ஓம் கேக்கும். உங்ககிட்ட எவ்ளோ இருக்குன்னு பாக்க, ஆம்ப ஆஃப் பண்ணி டிஸ்சார்ஜ் பண்ணிட்டு செகண்டரில ஒரு பாதியோட ரெசிஸ்டன்ஸ மீட்டர்ல எடுங்க, பிரைமரியோடதையும் எடுங்க, பாதி செகண்டரி வோல்டேஜ பிரைமரி வோல்டேஜால வகுத்து, வந்தத அதோடயே பெருக்கி, அத பிரைமரி ரெசிஸ்டன்ஸோட பெருக்கி, செகண்டரியோட கூட்டுங்க. உதாரணத்துக்கு பிரைமரி 240 வோல்ட், 20 ஓம், பாதி செகண்டரி 300 வோல்ட், 90 ஓம். 300ஐ 240ஆல வகுத்தா 1.25, அதோட வர்க்கம் 1.56, 20ஓட பெருக்கினா 31, கூட 90, ஆக 121 ஓம். 200க்கு 80 கம்மி, அதனால ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஒரு 82 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் சீரிஸ்ல போட்டுட்டா முடிஞ்சிது. ரெண்டு சின்ன ரெசிஸ்டர்தான், டியூப் வருஷக்கணக்குல ஓடும். பழைய டிரான்ஸ்ஃபார்மர்ல கம்பி மெல்லிசா இருக்கும், ரெசிஸ்டன்ஸ் தானாவே கூட இருக்கும், இந்தத் தொல்லை இல்ல. இப்ப வர்ற டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர்ல ரெசிஸ்டன்ஸ் ரொம்ப கம்மி, அதுல கண்டிப்பா கணக்கு போடுங்க.

அடுத்து வோல்டேஜ், இந்த மொத்த விஷயத்துலயும் காதுல கேக்குற வித்தியாசத்துக்கு பெரும்பங்கு இதுதான். டியூபுக்குள்ள எவ்ளோ வோல்ட் காணாம போகுதுங்கறது டியூபுக்கு டியூப் மாறும். 5ஒய்3 முழு லோடு 125 மில்லிஆம்ப்ல 60 வோல்ட் விழுங்கும், 5யூ4 225 மில்லிஆம்ப்ல 44, 5வி4 175ல 25, ஜிஇசட்34 225ல 17 மாதிரிதான், ஈஇசட்81 முழு லோடுல 20 சுத்தி. சின்ன ஆம்புக்கு நான் வச்சிக்கற குத்துமதிப்பு கணக்கு, பாதி செகண்டரி ஏசி வோல்டேஜ சிலிக்கான்னா 1.35ல இருந்து 1.4 வரைக்கும், ஜிஇசட்34ன்னா 1.3 சுத்தி, 5ஒய்3ன்னா 1.1ல இருந்து 1.2க்குள்ள பெருக்கினா பி பிளஸ் எங்க வந்து நிக்கும்னு ஏறக்குறைய தெரிஞ்சிடும். இது டிரான்ஸ்ஃபார்மர பொறுத்து மேல கீழ ஆடும், கடைசில மீட்டர் சொல்றதுதான் கணக்கு.

இதுல ஏன் இவ்ளோ கவனம்னா, ஒரு உதாரணம் போட்டுக் காட்டுறேன். ஒத்த 6வி6, கேத்தோடுல 470 ஓம், 5ஒய்3 போட்டு பி பிளஸ் 340 வோல்ட், கேத்தோடுல 19 வோல்ட் நிக்குது. 19ஐ 470ஆல வகுத்தா 40 மில்லிஆம்ப், ஸ்க்ரீனுக்கு ஒரு 2, 3 கழிச்சா பிளேட்டுக்கு 38. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவுல 321 வோல்ட், 38 மில்லிஆம்ப், பெருக்கினா 12 வாட். 6வி6ஜிடிக்கு பழைய கணக்குல 12 வாட், பின்னாடி வந்த கணக்குல 14 வாட் எல்லை, சரியா இருக்கு. இப்ப இதே ஆம்புல "ஜிஇசட்34 போட்டா பஞ்ச் வரும்"னு யாரோ சொன்னத கேட்டு மாத்துறீங்க. பி பிளஸ் 380க்கு ஏறுது, கேத்தோடு 22 வோல்ட், கரண்ட் 47, ஸ்க்ரீன் போக 44, வோல்டேஜ் 358, பெருக்கினா 15.7 வாட். டியூப் செவக்க ஆரம்பிக்கும். சத்தம் கொஞ்சம் கூடும், டைட்டா இருக்கும், ரெண்டு வாரம் சந்தோஷமா வாசிப்பீங்க, அப்பறம் 6வி6 வாங்கிட்டே இருப்பீங்க. மாத்தியே ஆகணும்னா கேத்தோடு ரெசிஸ்டர 560, 680னு ஏத்தி திரும்ப அளந்து பாருங்க. ஈஎல்84லயும் இதே கததான், அதுக்கு 12 வாட், பிளேட்டுக்கு 300 வோல்ட்தான் எல்லைன்னு டேட்டாஷீட் சொல்லுது, அதுக்கு மேல ஓட்டின ஆம்ப் நெறைய இருக்கு, அதுல டியூப் சீக்கிரம் போறதும் நடக்குது.

இங்க ஒரு பொறியும் இருக்கு. இப்ப புதுசா 5ஒய்3ன்னு பேர் போட்டு வர்றது எல்லாம் பழைய 5ஒய்3 கிடையாது. ரஷ்யாவுல இருந்து அந்தப் பேர்ல வந்த டியூப் உள்ளுக்குள்ள வேற டியூப், தனி கேத்தோடு உள்ளது, வோல்டேஜ விழுங்கறது கம்மி, அதனால அதே சாக்கெட்டுல பழையத விட 20, 30 வோல்ட் கூட வரும். நல்ல டியூப்தான், ஸ்ட்ராங்கானதுதான், ஆனா பழைய ஆம்புல அப்படியே சொருகிட்டு அளக்காம விட்டா மேல சொன்ன கததான் நடக்கும். பழைய ஸ்டாக் 5ஒய்3 இன்னும் ஊர்ப்பட்டது கிடைக்குது, ரேடியோக்கள்ல அவ்ளோ போட்டிருக்காங்க, அதனால நிஜமான 5ஒய்3 வோல்டேஜ் வேணும்னா பழசத் தேடறதுல அர்த்தம் இருக்கு. ஜிஇசட்34 பழசு வேற மாதிரி, அதுக்குன்னு ஒரு கூட்டமே அலையுது, 5 வாட் ஆம்புக்காக அந்தக் கூட்டத்துல போய் நிக்காதீங்க.

கூடவே மெயின்ஸையும் (சுவர் பிளக்ல வர்ற வோல்டேஜ்) அளந்துடுங்க. 110, 117 வோல்ட்ன்னு நெனச்சு 1950கள்ல செஞ்ச அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர்ல அங்க இப்ப 120, 125 போகுது, செகண்டரியும் ஹீட்டரும் அதே விகிதத்துல ஏறியிருக்கும். 5 வோல்ட் ஹீட்டர்ல டியூப் சொருகின நிலைல 4.5ல இருந்து 5.5க்குள்ள இருக்கணும். இந்த மாதிரி ஆம்புல 5ஒய்3 விழுங்குற அந்த வோல்டேஜ் ஒரு வரப்பிரசாதம்.

இப்பதான் எல்லாரும் ஆசையா கேக்குற விஷயம். ஓங்கி ஒரு கார்டு அடிச்சா வோல்டேஜ் இறங்கி, சத்தம் அமுங்கி, அப்பறம் மெதுவா எழும்பி வர்ற அந்த ஃபீல். அதோட இங்கிலீஷ் வார்த்தைய (sag) அப்படியே தமிழ்ல எழுதினா "சாக்" ஆயிடுது, சாவு வீடு மாதிரி இருக்கு, அதனால நான் தொய்வுன்னே சொல்றேன், ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு தொய்யற மாதிரிதான அதுவும். இது வரணும்னா ஆம்ப் சும்மா இருக்கறப்ப இழுக்கற கரண்டுக்கும் அடிக்கறப்ப இழுக்கற கரண்டுக்கும் வித்தியாசம் இருக்கணும். ஒத்த டியூப் கிளாஸ் ஏ (டியூப் எப்பவும் ஒரே மாதிரி கரண்ட் இழுத்துட்டே இருக்கற வகை) ஆம்புல அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்ல, சும்மா இருந்தாலும் 50 மில்லிஆம்ப், வெறி புடிச்சு வாசிச்சாலும் அதே 50 சுத்திதான். கரண்ட் மாறலன்னா ரெக்டிஃபையர்ல விழற வோல்டேஜும் மாறாது, தொய்வே வராது. நம்பிக்கை இல்லன்னா மீட்டர முதல் கண்டென்சர்ல கிளிப் போட்டு வச்சிட்டு வாசிச்சுப் பாருங்க, ரெண்டு மூணு வோல்ட் ஆடும், அவ்ளோதான். சாம்ப்ல கேக்குற அந்த அமுங்கல் ரெக்டிஃபையர்ல இருந்து வர்றது இல்ல, பவர் டியூப் அதோட எல்லைய முட்டறது, கேத்தோடு பயாஸ் (டியூப் சும்மா இருக்கறப்ப எவ்ளோ இழுக்கணும்னு வைக்கிற அளவு) நகர்றது, சின்ன அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், சின்ன ஸ்பீக்கர், இதெல்லாம் சேந்து பண்றது. 5 வாட் ஆம்புல "டியூப் ரெக்டிஃபையர் தர்ற தொய்வு"ன்னு யாராவது உருகினா சிரிச்சிட்டு நகந்துடுங்க, அவங்க கேக்குறது கம்மியான வோல்டேஜ, அதுவும் நல்ல சத்தம்தான்.

புஷ்புல் கிளாஸ் ஏபில (சும்மா இருக்கறப்ப கம்மியா, அடிக்கறப்ப கூட இழுக்கற வகை) கத மாறும். ரெண்டு 6வி6 சும்மா இருக்கறப்ப 70 மில்லிஆம்ப், முழுசா தள்ளினா பிளேட்டுக்கு 92, ஸ்க்ரீன் கரண்ட் 4ல இருந்து 13க்கு தாவும். இந்த 30 மில்லிஆம்ப் வித்தியாசத்துல 5ஒய்3 பத்து இருபது வோல்ட் இறங்கும், விரல்ல தெரியும். அங்க 5ஒய்3க்கும் ஜிஇசட்34க்கும் நடுவுல ஃபீல் வித்தியாசம்னு பேசறதுல நியாயம் இருக்கு. ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப்ல ஜிஇசட்34 போட்டாங்க, ட்வீட் டீலக்ஸ்ல 5ஒய்3, ரெண்டும் ரெண்டு 6வி6தான், ஒண்ணு தெளிவா 22 வாட் கிட்ட தரும், இன்னொண்ணு அதுல பாதிக்கு கொஞ்சம் மேல நின்னு குழையும். ரெக்டிஃபையர் மட்டுமே காரணம் இல்ல, டிரான்ஸ்ஃபார்மர், பயாஸ் எல்லாமே வேற, ஆனா அதுவும் ஒரு காரணம். உங்களுக்கு வேணும்ங்கறது நடுவுல ஒண்ணுன்னா 5வி4 பாருங்க, வைண்டிங் 2 ஆம்ப் போதும், பாவம் அத யாரும் கண்டுக்கறதே இல்ல.

டியூப் ஒண்ணும் கட்டாயம் இல்லன்னும் சொல்லிடுறேன். ஒத்த டியூப் ஆம்ப புதுசா கட்டுறீங்கன்னா சிலிக்கான் டயோடு போட்டு, முதல் கண்டென்சருக்கு அப்பறம் ஒரு ரெசிஸ்டர்ல வேணும்ங்கற வோல்டேஜுக்கு இறக்கிக்கலாம். 30 வோல்ட் இறக்கணும், கரண்ட் 50 மில்லிஆம்ப்னா 600 ஓம், அதுல எரியறது 1.5 வாட், 5 வாட் ரெசிஸ்டர் போடுங்க, அதுக்கு அடுத்து இன்னொரு கண்டென்சர், ஹம்மும் கொறையும். கண்ண மூடிட்டு கேட்டா 5ஒய்3க்கும் இதுக்கும் வித்தியாசம் என்னால சொல்ல முடியல. அப்படியும் நான் டியூப் போடறேன், ஏன்னா இருட்டுல அது எரியறத பாக்க புடிக்கும், இதுக்கு மேல ஒரு காரணமும் சொல்லமாட்டேன்.

டியூப்தான்னு முடிவு பண்ணிட்டா, ரெண்டு மூணு பாதுகாப்பு வேலை. 5ஒய்3 சுவிட்ச் போட்ட ரெண்டு மூணு செகண்ட்ல ரெடி ஆயிடும், பவர் டியூப் சூடாக பத்து செகண்டுக்கு மேல ஆகும், அந்த இடைவெளில லோடே இல்லாம பி பிளஸ் உச்சத்துக்கு ஏறும். 325-0-325 டிரான்ஸ்ஃபார்மர்னா 325ஐ 1.414ஆல பெருக்கினா 460 வோல்ட். ஓடறப்ப 350தான காட்டுதுன்னு 400 வோல்ட், 450 வோல்ட் கண்டென்சர் போட்டா ஒவ்வொரு தடவ ஆன் பண்றப்பயும் அது எல்லை தாண்டும். 500 வோல்ட் போடுங்க. ஜிஇசட்34, ஈஇசட்81 எல்லாம் தனி கேத்தோடு, மெதுவா சூடாகி மத்த டியூபோட சேந்தே எழும்பும், இந்த விஷயத்துல அதுங்க சாது, ஆனா கண்டென்சர்ல கஞ்சத்தனம் அங்கயும் வேணாம், பவர் டியூப கழட்டிட்டு ஆன் பண்ற நாள் வரும்.

டியூப் உள்ள ஷார்ட் ஆனா டிரான்ஸ்ஃபார்மர காப்பாத்த ஒவ்வொரு பிளேட்டுக்கும் முன்னாடி சீரிஸ்ல 1என்4007 டயோடு போடற பழக்கம் இருக்கு, கோடு போட்ட பக்கம் டியூப பாத்து இருக்கணும், வோல்டேஜ் மாறாது, சத்தம் மாறாது. அந்த டயோடு தாங்கறது 1000 வோல்ட், 325-0-325ல எதிர்ப்பக்க வோல்டேஜ் 920 வரைக்கும் போகும், அதனால ஒரு பக்கத்துக்கு ரெண்டு ரெண்டா சீரிஸ்ல போடுங்க. செகண்டரி சென்டர் டேப்புக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு ஃபியூஸ், 5 வாட் ஆம்புக்கு 250 மில்லிஆம்ப் ஸ்லோ ப்ளோ சரியா இருக்கும். ஸ்டாண்ட்பை சுவிட்ச் (டியூப் சூட்டோட இருக்க, பி பிளஸ்ஸ மட்டும் நிறுத்துறது) சின்ன ஆம்புக்கு தேவையே இல்ல. ரெக்டிஃபையருக்கும் முதல் கண்டென்சருக்கும் நடுவுல அத வச்சிருந்தாங்கன்னா இன்னும் மோசம், சூடா ரெடியா நிக்கிற டியூப் மேல காலி கண்டென்சர திடீர்னு கட்டி விடற மாதிரி, உள்ள பளிச்சுனு ஒரு மின்னல் அடிச்சா அதுதான்.

போட்ட பிறகு செக் பண்றது. முதல் தடவ ஆன் பண்றப்ப ஸ்பீக்கர் மாட்டி, வால்யூம் கீழ வச்சு, ரூம் லைட்ட கொறச்சு ரெக்டிஃபையர பாத்துட்டே இருங்க, உள்ள பொறி தெறிச்சாலோ ஃபியூஸ் போனாலோ உடனே ஆஃப். ஃபியூஸ் போனா ரெக்டிஃபையர கழட்டிட்டு புது ஃபியூஸோட ஆன் பண்ணுங்க, இப்ப ஃபியூஸ் போகாம நின்னா பிரச்சினை ரெக்டிஃபையர்லயோ அதுக்கு அந்தப் பக்கமோ, அப்பவும் போனா டிரான்ஸ்ஃபார்மரோ ஹீட்டர் வயரிங்கோ. எல்லாம் ஓடி ஒரு கால் மணி நேரம் கழிச்சு பி பிளஸ், கேத்தோடு வோல்டேஜ் எடுத்து மேல சொன்ன வாட் கணக்க திரும்பப் போடுங்க. திடீர்னு ஹம் கூடி, அதுவும் வழக்கத்த விட கனமா கீழ் சுருதில கேட்டா, டியூப்ல ஒரு பிளேட் வேலை செய்யாம பாதி அலை மட்டும் வருதுன்னு சந்தேகப்படுங்க, ரெண்டு பிளேட்டும் ஓடினா மெயின்ஸுக்கு ரெண்டு மடங்குல ஹம் இருக்கும், ஒண்ணு செத்தா மெயின்ஸ் ஸ்பீடுக்கே இறங்கிடும். அளந்த வோல்டேஜ ஒரு சின்ன பேப்பர்ல எழுதி சேசிஸ்குள்ளயே ஒட்டி வைங்க, அடுத்த டியூப் மாத்தறப்ப அது இல்லாம நான் பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல.